நிலை: இழுபறி

"தகராறு எண்டு எழுதவோ, இழுபறி எண்டு எழுதவோ?"

டிலானி பேனையைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டாள். காணிக் கந்தோரில் அதிகாரியான அவளுடைய மேசைக்கு முன்னால் இரண்டு கதிரைகள். ஒன்றில் பத்திநாதன், மற்றதில் வஸீர். இருவருக்கும் அறுபது தாண்டிவிட்டது.

சண்டைக் காலத்தில் ஊரை விட்டுப் போனவர்கள். பத்திநாதன் தமிழ்நாட்டு அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தவர். வஸீர் புத்தளத்திலிருந்து. சொந்த ஊரான விடத்தல்தீவில் இருவருக்கும் அவரவர் வீட்டு வளவு கிடைத்து, கூரையும் போட்டாயிற்று. ஆனாலும் இரண்டு வளவுக்கும் நடுவில் கிடக்கும் துண்டுக்காக மூன்று வருசமாக மல்லுக்கட்டு.

"தகராறு வேண்டாம் மிஸ்," என்றார் பத்திநாதன் அவசரமாக. "அது கோட்டுக்கு வழக்காப் போயிடும்."

"ஓம், இழுபறி எண்டே போடுங்கோ," என்றார் வஸீர்.

"ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"தகராறில ஆராவது ஒராள் வெல்லுவார் மிஸ். இழுபறியில ஒருத்தரும் வெல்லமாட்டினம்," என்றார் பத்திநாதன்.

டிலானிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சனம் இன்னும் தறப்பாள் கூரைக்குக் கீழ கிடக்குது. நீங்கள் ரெண்டு பேரும் வீட்டையும் கட்டிப்போட்டு, மிச்சத்துக்கும் அடிபடுறீங்கள். வெக்கமா இல்லையா?"

அவள் பத்திநாதன் பக்கம் திரும்பினாள்.

"ஐயா, நீங்களாவது விட்டுக் குடுங்கோவன்."

"ஏலாது மிஸ். அதில நிக்கிற வேம்பு என்ர அப்பு வச்சது."

"போன முறை புளி எண்டனீங்கள்."

"புளியும் வச்சவர்."

"வஸீர் நானா, நீங்கள்?"

"அந்தக் கிணறு எங்கட வாப்பா வெட்டினது."

"அங்க கிணறே இல்லையே!"

"தூர்ந்து போச்சு," என்றார் வஸீர், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

டிலானி விளக்கமாகச் சொன்னாள். ஆரும் நேரில் வந்து உரிமை கேட்காத காணி வேறு ஆக்களுக்குப் போகும். ஒருவர் கேட்டால் அவர் பேருக்கு எழுதப்படும். எழுதினால் பிறகு மாற்ற முடியாது. இரண்டு பேர் கேட்டால் இணக்கம் வரும்வரை கோப்பு தூங்கும்.

"இந்தக் கோப்பு தூங்கினது போதும். வாற திங்கள் கடைசி. இணங்காட்டிச் சீட்டுக் குலுக்கி ஒராளுக்கு எழுதிப்போடுவன்."

இரண்டு முகமும் ஒன்றாக வெளிறின.

"ஒரு மாசம் தாங்கோ மிஸ்."

"ஒரு நாளும் தரமாட்டன்."

கோப்பில் 'நிலை: இழுபறி' என்று எழுதி, அதற்குக் கீழ் சிவப்பு மையால் கோடும் போட்டாள். இப்படியும் பேராசை பிடித்த மனிசரோ என்று அன்று பின்னேரம் வீட்டிலும் சொல்லிப் பொருமினாள்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குச் சீட்டு இரண்டும் மேசையில் தயார். ஆட்களைக் காணவில்லை. பத்து மணிக்கு வந்தார்கள். அவர்களுக்கு நடுவில், கையில் துணிப்பையோடு ஒரு பெண். பயணக் களைப்பில் கண் சிவந்திருந்தது.

"இவ புஸ்பம்," என்றார் பத்திநாதன். "முகாமில எங்கட பக்கத்துக் கொட்டில். விடிய வந்து இறங்கினவ."

புஸ்பம் பையிலிருந்து பொலித்தீனால் சுற்றிய ஒரு கடதாசியை எடுத்து விரித்தாள். மடிப்பு மடிப்பாகக் கிழிந்திருந்தாலும் எழுத்து தெளிவு. நடுத்துண்டின் காணி உறுதிப் பத்திரம். அவளுடைய புருசனின் பேர்.

"இந்தியாவுக்கு வள்ளத்தில தப்பி ஓடேக்க அவர் கடலோட போயிட்டார் மிஸ். நான் இதை மட்டும் நனைய விடேல்லை. வாறதுக்குப் பேப்பர் கிடைக்க இவ்வளவு காலம்."

டிலானி இரண்டு கிழவர்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எனக்கு வேண்டாம்," என்றார் பத்திநாதன்.

"எனக்கும் வேண்டாம்," என்றார் வஸீர். "எங்க கையெழுத்து வைக்கோணும்?"

டிலானியின் குரல் தாழ்ந்துவிட்டது. "இவவுக்காகத்தான் எண்டு எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா நீங்களும் எங்களோட சேர்ந்து பொய் எழுதவேண்டி வந்திருக்கும் மிஸ்," என்றார் பத்திநாதன். "இப்ப நாங்கள் ரெண்டு பேர்தான் பொய்யர்."

டிலானி சீட்டு இரண்டையும் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டாள். "இவை ரெண்டு பேரும் உங்களுக்கு என்ன சொந்தம், அக்கா?"

"பத்தண்ணை பக்கத்துக் கொட்டில். இந்த நானா ஆக்கள் நான் கலியாணம் முடிச்சு வர முதலே ஊரை விட்டுப் போயிட்டினம்; இவரை இண்டைக்குத்தான் முதல்முதல் காணுறன்."

"அப்ப உங்களை வரச்சொல்லி அறிவிச்சது ஆர்?"

புஸ்பம் பைக்குள்ளிருந்து, போன மாசம் முகாமுக்கு வந்த ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள். கீழே இரண்டு கையெழுத்து. மேலே இரண்டே வரி:

"தங்கச்சி, கெதியா வாங்கோ. சண்டை பிடிக்க எங்களுக்கு இனிப் பொய் இல்லை."