லைன் கிளியர்

“ஒரு லைன் எழுதிக் குடுங்க, போதும்” என்றார் விசாரணைக்கு வந்திருந்த இன்ஜினியர்.

வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார். பேனாவும் அவருடையதுதான்.

எழுத வேண்டியதையும் அவரே சொல்லிவிட்டார். லைன்மேன் அழகேசன் லைன் கிளியர் கேட்கவில்லை. அவ்வளவுதான்.

கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால் லைன்மேன் சப்ஸ்டேஷனுக்கு போன் செய்ய வேண்டும். போனை எடுப்பவன் நான். நான் கரண்டை நிறுத்தி, நோட்டில் எழுதி, நம்பர் சொன்ன பிறகுதான் அவன் ஏறலாம். அதற்குப் பெயர்தான் லைன் கிளியர்.

இது விதி. பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் எனக்கும் அழகேசனுக்கும் நடுவில் நம்பர் எல்லாம் கிடையாது. போனில் நான் கிளியர் என்றால் கிளியர். நோட்டைச் சாயங்காலம் எழுதிக்கொள்வோம்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் நோட்டைத் திறக்கவில்லை. தா.பழூர் ரோட்டுக் கம்பத்திலிருந்து அவனை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

இன்ஜினியர் வாட்சைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு வாரமாக எங்கள் ஆபீஸ் போனில் ஒரே இரைச்சல். யார் பேசினாலும் எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரிதான் கேட்கும். அன்று காலையில்தான் டெலிபோன்காரர்கள் வந்து சரிசெய்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு கூப்பிட்டவர்கள் எல்லாம் முதலில் கேட்டது, இப்போது லைன் கிளியராக இருக்கிறதா என்றுதான். எல்லோருக்கும் இருக்கு, இருக்கு என்று சொல்லி எனக்குச் சலித்துவிட்டது.

மதியம் அழகேசன் கூப்பிட்டான். பஸ் ஸ்டாப் பெட்டிக்கடையில் தொங்கும் ஒரு ரூபாய் போனிலிருந்து.

“அண்ணே, லைன் கிளியருங்களா?”

கிளியராக இருக்கிறது என்றேன்.

அவன் கேட்டது கம்பியை. நான் சொன்னது போனை.

இருபது நாளாக இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரே வார்த்தையை இத்தனை வேலைக்கு வைத்துவிட்டுப் போன வெள்ளைக்காரன் மேல் பழியைப் போட்டுவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

இந்த ஊரில் லைன் என்றால் எதுதான் இல்லை? ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு நிற்பது லைன். அழகேசனும் நானும் அடுத்தடுத்த கதவாகக் குடியிருந்தது லைன் வீடு. கல்யாணத்துக்கு முன்னால் லீலாவதிக்கு அவன் அடித்ததும் லைன்தான். அதற்காகவே வாரத்துக்கு மூன்று முறை அவள் ஊரான ரெட்டிபாளையம் பக்கம், கம்பியில் இல்லாத பழுதைத் தேடி சைக்கிளில் போவான். அங்கே இருக்கிற சிமெண்ட் ஆலைத் தூசியோடு திரும்பி வருவான். நாங்கள் ஓட்டு ஓட்டென்று ஓட்டுவோம்.

அந்த லீலாவதிதான் இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள்.

கிளியர் வாங்காமல் ஏறினான் என்று ஆகிவிட்டால் தப்பு அவனுடையது. அவளுக்கு வர வேண்டிய வாரிசு வேலை அதோடு போயிற்று. கிளியர் கொடுத்தேன் என்று நான் எழுதினால் தப்பு என்னுடையது. என் வேலை போகும். கேஸ் வரும். ஜெயிலும் வரலாம். ஓய்வு பெற எனக்கு நாலு வருடம் இருக்கிறது.

“என்ன சார் யோசன? போனவரு போயிட்டாரு” என்றார் இன்ஜினியர். குரலில் நிஜமாகவே இரக்கம் இருந்தது.

எழுதினேன்.

கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் என்னைப் பற்றி எனக்குக் கொஞ்சமாவது நல்ல எண்ணம் மிஞ்சியிருக்கும்.

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன். லீலாவதி எழுந்து நின்றாள். பத்தாவது மார்க் ஷீட்டை ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு நெஞ்சோடு பிடித்திருந்தாள். ஆபீஸ் வேலைக்கு அது போதுமா என்று காலையில் என்னிடம்தான் கேட்டிருந்தாள்.

“கடைசியா உங்ககிட்டதாண்ணே பேசியிருக்காரு. என்ன சொன்னாரு?”

அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

“ஒண்ணும் பேசலம்மா. லைன் கட்டாயிடுச்சு.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

அவளுக்கு என் மேல் சந்தேகமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. யோசித்துப் பார்த்துவிட்டு, எனக்குப் புரிய வைக்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

“அப்படின்னா திரும்பக் கூப்புட்டிருப்பாரேண்ணே. எதையும் ரெண்டு தரம் கேக்காம அவரு ஏற மாட்டாரு.”

கேட்டான்.

போனை வைப்பதற்கு முன்னால், இரண்டாவது தரமும் கேட்டான். அப்போது லைன் என்ற வார்த்தையே அவன் வாயில் வரவில்லை. சுத்தமான தமிழில்தான் கேட்டான்.

“அப்ப, கம்பத்துல ஏறட்டுமாண்ணே?”

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

“ம்” என்றேன்.