எந்தப் பக்கத்தால் வந்தது?

"எங்கடை பரம்பரையிலை எல்லாரும் பனை உயரம், டொக்டர். பேரன்ரை உந்தக் கட்டை உயரம் இவளின்ரை தகப்பன் பக்கத்தாலை வந்தது!" மருமகள் சிவகௌரியைக் காட்டி முழங்கினார் ஞானாம்பிகை.

சிவகௌரி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் தினமும் கேட்கிற பாட்டுத்தான். மகன் ஆரூரனின் கால்கள் நிலத்துக்கு எட்டாமல் கதிரையில் ஆடிக்கொண்டிருந்தன.

"வளர்ச்சி ஹோர்மோன் குறைவு. ஊசி போட்டால் வளருவான்," என்றார் டொக்டர். "ஆனா அம்மா, இவனுக்கிருக்கிற மரபணுக் குறை தாய், தகப்பன் ரெண்டு பக்கத்தாலையும் வந்தால்தான் பிள்ளையைப் பிடிக்கும். சொந்தத்துக்கையோ கலியாணம் செய்தது?"

ஞானாம்பிகை அவசரமாகக் கைப்பையைக் கிண்டத் தொடங்கினார்.

சிவகௌரி முதன்முறையாக வாய் திறந்தாள்.

"ஓம் டொக்டர். சொத்து வெளியாலை போகக்கூடாதெண்டு மாமிதான் ஒற்றைக்காலிலை நிண்டு செய்துவைச்சவ. என்ரை அப்பா அவவின்ரை கூடப்பிறந்த அண்ணை."