ஆ காட்டு

மனநல மருத்துவமனையில் மூன்று மாதம் தங்கி வீடு திரும்பிய செண்பகா, அம்மாவோடு பெருமாள் கோயிலுக்குப் போனாள். இளவயது பட்டர் தீர்த்தம் கொடுத்தார். விழுங்கியவள் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டிவிட்டாள். அங்கே மாத்திரை உள்ளே போனதை நர்ஸிடம் தினமும் இப்படித்தான் காட்ட வேண்டும்.

“வாயை மூடுடி!” அம்மாவுக்கு உயிரே போய்விட்டது. வரிசை சிரித்தது.

பட்டர் சிரிக்கவில்லை. குனிந்து உற்றுப் பார்த்து, “இறங்கிடுத்து” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அங்கே எத்தனை மாசம்?”

“மூணு.”

சடாரியை அவள் தலையில் வைக்கிற சாக்கில் இன்னும் நெருங்கி, தன் வாயை அகலத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டினார்.

செண்பகா நிதானமாகப் பார்த்தாள். அப்படியே அந்த நர்ஸின் அதட்டல் குரலில், “ம், சரி. அடுத்த ஆள்!” என்றாள்.

வரிசை ஓரடி நகர்ந்தது.