எழுந்த கை

நீதித்துறைச் சேவைக்காக நாடு தந்த பதக்கம் ஓய்வுபெற்ற நீதிபதியின் மார்பில் மின்னுகிறது. விழா முடிந்த கூடத்தில் வக்கீல்கள் கும்பல் கும்பலாக நின்று சிரிக்கிறார்கள். அவர் நெருங்கினாலோ பேச்சு சட்டென்று அடங்குகிறது. வக்கீல் வீட்டில் கை நனைத்தால் தராசு சாய்ந்துவிடும் என்று ஒரு கல்யாணத்துக்குக்கூடப் போகாத மனுஷன். "ஐயா, பக்கத்துல யாராவது நின்னா படம் நல்லாருக்கும்," என்கிறார் புகைப்படக்காரர். நீதிபதி திரும்பிப் பார்க்கிறார். எல்லோரும் மரியாதையாக ஓரடி பின்வாங்குகிறார்கள். இளம் வக்கீல் ஒருத்தி மட்டும் ஆவி பறக்கும் கோப்பையோடு முன்னால் வருகிறாள். "உங்களுக்குத்தான் எடுத்துட்டு வந்தேன், ஐயா. டீ குடிங்க." வாங்கிக்கொள்ளத்தான் நினைக்கிறார். பழக்கதோஷம், கை தானாக எழுந்து வேண்டாம் என்கிறது. அவள் முகம் சுருங்கித் திரும்புகிறாள். கேமரா பளிச்சிடும்போது அந்தக் கை இன்னும் இறங்கவில்லை.