முட்டு பிரிக்கிற தேதி

"ரெண்டாயிரத்துப் பதினொண்ணு, ஆகஸ்ட் ஒம்போது. சுப்ராயன் வீடு, மாடித் தளம். சென்ட்ரிங் அன்பு."

பூர்ணிமா பழைய கம்ப்யூட்டரைப் பார்த்துச் சத்தமாகப் படித்தாள். பிறகு லேப்டாப்பில் அதே நாளைத் திறந்து, வந்து சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தாள். வந்திருந்தது.

பழைய காலண்டர் சாப்ட்வேர் இனிமேல் ஓடாதாம். எல்லாவற்றையும் புது வெர்ஷனுக்கு மாற்றியாக வேண்டும்.

போன வருஷத்து வேலைகளை மட்டும் மாற்றினால் போதும் என்றேன். காய்ந்துபோன கான்கிரீட்டுக்கு எதற்குக் காலண்டர்?

"பழசுலதான பெரியப்பா, எங்கப்பா இருக்காரு."

சரி, எல்லாவற்றையுமே மாற்று என்றேன்.

அவள் அப்பன் அன்பழகன் என்னிடம் சென்ட்ரிங் வேலை பார்த்தவன். பலகை அடிப்பான், முட்டுக் கொடுப்பான், தளம் இறுகியதும் பிரித்து இறக்குவான். அவன் போனபோது இவளுக்கு ஏழு வயசு. இப்போது நெல்லித்தோப்பில் என் ஆபீசைப் பார்த்துக்கொள்கிறாள். என்னைச் சொந்தப் பெரியப்பா என்றுதான் வெளியில் சொல்வாள்.

சுப்ராயன் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டாள். ஒவ்வொரு வரிக்கும் கேட்டாள். நானும் சொன்னேன்.

சுப்ராயன் பிரெஞ்சு ராணுவப் பென்ஷன்காரர். தளம் போட்டு முடித்ததும் ஒவ்வொருத்தன் கையாகப் பிடித்துக் குலுக்கி மெர்சி, மெர்சி என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். எல்லாம் சிமெண்டு தின்ற கை. மனுஷன் முகம் சுளிக்கவில்லை. அதற்கப்புறம் ஒரு வாரம், டீ வாங்கும்போதெல்லாம் அன்பழகன் கடைக்காரர் கையைப் பிடித்துக் குலுக்கினான். "மொதல்ல காசக் குடுறா, அப்பறம் குலுக்குவ" என்றார் அவர்.

பூர்ணிமா சிரித்தாள். அதே சிரிப்பு. மேல் பல்தான் முதலில் தெரியும்.

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் ஆளுங்களுக்கு அது பெரிய அதிசயம். சித்தாள் பெண்கள் சும்மாட்டுத் துணியோடு வந்து எட்டிப் பார்ப்பார்கள். தொட விட மாட்டேன். அதைத் தொடத் தெரிந்தவன் அப்போது நான் ஒருத்தன்தான். தினமும் காலையில் அன்றைய வேலையைப் படித்துச் சொல்வேன்.

அன்பழகன் வாசற்படியிலேயே நின்று கேட்பான். "என்னா மேஸ்திரி, பொட்டிக்குள்ள இருக்கறவன் இன்னிக்கி எங்க போவச் சொல்றான்?"

அவனுக்குப் படிக்கத் தெரியாது. காது கூர்மை. ஒரு தடவை சொன்னால் போதும்.

இவளையும் சில நாள் வேலைக்குத் தூக்கி வருவான். மணல் குவியலில் சாக்கை விரித்துப் படுக்க வைத்தால், கலவை மிஷின் சத்தத்திலேயே தூங்கிவிடுவாள். அதைச் சொன்னபோது, "இப்பவும் மிக்சி ஓடுனா எனக்குத் தூக்கம் வருது பெரியப்பா" என்றாள்.

2012 முடிந்தது. 2013 முடிந்தது.

"ரெண்டாயிரத்துப் பதினாலு, ஜனவரி இருவத்தஞ்சு. வைத்திக்குப்பம், போர்டிகோ தளம். சென்ட்ரிங் அன்பு."

வீட்டுக்காரர் மீன்பிடி போட்டு வைத்திருந்தவர்; அன்றைக்கு எல்லோருக்கும் வஞ்சிரக் குழம்பு. அன்பழகன் மூன்று தடவை சோறு வாங்கினான். முள்ளைக்கூட விடவில்லை.

அடுத்த வரிக்கு அவள் குரல் இறங்கியது.

"பிப்ரவரி பதினஞ்சு. வைத்திக்குப்பம், முட்டு பிரிக்க."

தளம் போட்டு இருபத்தொரு நாள். சரியான கணக்கு.

அன்பழகன் செத்தது ஐந்தாம் தேதி.

பத்து நாள் முன்னாலேயே முட்டுகளை உருவினான், தளம் அவன் மேலேயே உட்கார்ந்தது. ஊரில் அப்படித்தான் பேச்சு. இந்தத் திரையைத்தான் போலீசுக்குக் காட்டினோம். இவள் அம்மா இன்றைக்கும் அவனை நினைத்து அழும்போது, அவசரக்குடுக்கை என்று திட்டிக்கொண்டேதான் அழுவாள்.

"நானும் பாத்துக்கிட்டேதான் வரேன் பெரியப்பா. ஒரு வீட்டுலகூட தேதிக்கு முன்னாடி அவரு பிரிக்கல. இந்த ஒண்ணுல மட்டும் அப்பாவுக்கு என்ன அவசரம்?"

இந்த ஒரு கேள்விக்குத்தான் பழசு முழுவதையும் கிளறியிருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது.

விதிம்மா என்றேன்.

அவள் லேப்டாப் பக்கம் திரும்பினாள். அந்த நாளும் ஒழுங்காக வந்து சேர்ந்திருந்தது. பழைய திரையில் என்றைக்கும் காட்டாத ஒரு வரி அதன் அடியில் இருந்தது. அதையும், மற்றதைப் படித்த அதே குரலில் படித்தாள்.

"எழுதினது ஜனவரி இருவத்தஞ்சு. கடைசியா திருத்துனது பிப்ரவரி அஞ்சு, காலைல பத்து அம்பது."

தளம் விழுந்தது அன்று காலை ஒன்பது மணிக்கு. அது அவளுக்கும் தெரியும்.

காலாப்பட்டில் அடுத்த வேலைக்குப் பலகை பத்தவில்லை. அதனால் முட்டு பிரிப்பதை ஐந்தாம் தேதிக் கட்டத்தில் எழுதியிருந்தேன். அன்று காலையில் அதைத்தான் அவனுக்குப் படித்துச் சொன்னேன்.

ஐந்தில் இருந்ததைப் பிடித்து இழுத்துப் பதினைந்தில் விடுவதற்கு ஒரு நொடிகூட ஆகாது.

அவனைத் தூக்கிக்கொண்டு ஆளுங்க எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். நான் மட்டும் ஆபீசுக்கு வந்தேன்.