குழலுக்குள் நகம்

யோவேல் பழைய வேட்டைத் துப்பாக்கிகளை வாங்கி, குழலை ஈயம் ஊற்றி அடைத்து, பங்களாச் சுவர்களில் மாட்டுவதற்காக இரட்டை விலைக்கு விற்பவன். போன வருடம் எஸ்டேட் மானேஜர் கனகசபைக்கு விற்ற ஒன்று இன்று அவன் கடைக்கே திரும்பி வந்திருந்தது. மானேஜர் பாதி விலைகூடக் கேட்கவில்லை.

“என்ன சார், சும்மா குடுக்கிற மாதிரி குடுக்கிறீங்க? மாட்டுன சுவரே இடிஞ்சிடுச்சா?”

“பார்த்துப் பார்த்து அலுத்துப்போச்சுய்யா. நீ இன்னொரு ஏமாளிக்கு வித்துக்க.”

யோவேல் சிரித்தபடி அதைக் கையில் எடுத்தான். எந்தத் துப்பாக்கியை வாங்கினாலும் பின்பக்கத் திறப்பில் கட்டைவிரல் நகத்தை வெளிச்சம் படும்படி வைத்து, முன்வாய் வழியாகப் பார்ப்பது அவன் பழக்கம். அடைத்த குழலில் ஒன்றும் தெரியக் கூடாது. ஆனால் குழலின் கடைசியில் அவன் நகம் தெரிந்தது. அதன் அடியிலிருந்த வெள்ளைப் பிறைகூடத் தெளிவாக இருந்தது. யாரோ ஈயத்தை உருக்கி எடுத்திருந்தார்கள். கரிந்த வெடிமருந்து வாசனை மூக்கில் ஏறியது.

கண்ணை எடுக்காமல் கேட்டான். “இதால எதைச் சுட்டீங்க சார்?”

“அலங்காரத் துப்பாக்கி எங்கய்யா சுடும்?”

“எனக்கு வேணாம் சார். எடுத்துட்டுப் போயிடுங்க.”

நீட்டிய துப்பாக்கியை மானேஜர் வாங்கவில்லை. கையுறை போட்ட கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார்.

“நான் நல்லாத் துடைச்சுக் கொண்டாந்தேன்,” என்றார். “தொட்டது நீதானேய்யா.”