எங்கே நிறுத்துவது

அவள் கேன்வாஸை இரண்டு கைகளாலும் தூக்கி, கட்டிலுக்கு எதிரே பிடித்தாள்.

வண்ணம் காயவில்லை. சேலையெல்லாம் நீலம்.

"பாருங்க."

கட்டிலில் கணவர். மூக்கில் குழாய். பக்கவாதம் வலது பக்கத்தையும் பேச்சையும் வாரிக்கொண்டு போய்விட்டது. ஒரு சொல்லை மட்டும் விட்டுவைத்தது.

"போதும்" என்றார்.

அந்தச் சொல் முதன்முதலாக வந்த அன்று அவளுக்கு உயிரே திரும்பியது. ஓடிப்போய் ஓவியத்தைத் தூக்கி வந்தாள்.

மறுநாள்தான் தெரிந்தது. உடம்பைத் துடைத்தாலும் அதுதான். ஃபேனைப் போட்டாலும் அதுதான். பேத்தி முத்தம் கொடுத்தபோதும் அதையே சொன்னார். பிள்ளை மிரண்டு அழுதது.

வெறும் வெள்ளை கேன்வாஸைக் காட்டிப் பார்த்தாள்.

அதற்கும் போதும்.

பாழாய்ப்போன நோய்! விட்டதுதான் விட்டது, வேறு ஏதாவது ஒரு சொல்லை விட்டிருக்கக் கூடாதா?

அவளுக்கு ஓவியத்தைத் தொடங்கத் தெரியும். நிறுத்தத் தெரியாது.

மதுரையின் போஸ்டர் சுவர்களைப் பார்த்து வரைய வந்தவள். ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டி, மழையில் ஊறி, மாடு இழுத்துக் கிழித்த சுவர்கள். முகங்கள் போய் நிறம் மட்டும் மிஞ்சியிருக்கும். அதையே அவளும் செய்தாள். தோசைக்கரண்டியால் வண்ணத்தை அப்புவாள். காய்ந்ததும் சுரண்டுவாள். அடியில் கிடப்பது எட்டிப் பார்க்கும். அதன் மேல் இன்னொன்றை அப்புவாள். விட்டால் எல்லாம் சேறாகும்வரை போவாள்.

அவர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். ஓவியம் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவும் மாட்டார். வேலை முடிந்து வந்து, சட்டையைக் கழற்றிக்கொண்டே எட்டிப் பார்ப்பார்.

"போதும்டி, கைய எடு."

எடுத்துவிடுவாள். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவள் ஓவியங்களை வாங்கிப்போனவர்கள் வீட்டில் மாட்டி வைத்திருப்பது அவர் நிறுத்திய இடத்தைத்தான்.

இந்த ஓவியம் அவர் விழுந்த வாரம் தொடங்கியது. தூக்கினால் தோள் விண்ணென்று வலிக்கும் அளவுக்குக் கனத்துவிட்டது. நேற்று மஞ்சள் நன்றாகத்தான் இருந்தது. இன்று அதன் மேல் நீலத்தைப் பூசிக் கெடுத்தாள். கெடுத்தாளா? அதைச் சொல்லத்தான் ஆளில்லை.

ஒவ்வொரு பூச்சுக்கும் தூக்கி வந்து காட்டினாள். குரலில் ஏதாவது வித்தியாசம் தெரியாதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"இன்னொரு தடவ பாருங்க."

"போதும்."

கால்மாட்டில் போர்வையை மடித்துக்கொண்டிருந்த மகள் பூங்கொடி நிமிர்ந்தாள்.

"அதக் கீழ வையிம்மா. அவரு படத்தப் பாக்கல. உன்னத்தான் பாக்குறாரு."

அவள் பார்த்தாள்.

உண்மைதான். கேன்வாஸின் விளிம்புக்கு மேலே, அவள் முகத்தையே. கலங்காத, தெளிவான பார்வை.

அவருடைய இடது கை மெல்ல எழுந்தது. தடுமாறி, முகம்வரை வந்தது. மூக்குக் குழாயைத் தொட்டது.

"போதும்."

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவள் ஓவியத்தைச் சுவரோரம் சாய்த்தாள். அந்தக் கையைப் பிடித்து இறக்கி, போர்வைக்குள் வைத்தாள். அடுப்படிக்குப் போனாள். கஞ்சியைச் சுட வைத்து, ஆற்றி, வடிகட்டி, சிரிஞ்சில் நிரப்பிக்கொண்டு வந்தாள்.

மூக்குக் குழாயின் மூடியைத் திறந்தாள்.

"இன்னும் கொஞ்சூண்டுதாங்க" என்றாள். "இன்னும் கொஞ்சூண்டு."